பதினொரு நிமிடம்

திரும்பி வந்த முதல் கோட்டு
செவ்வாய்க்கிழமை வந்தது.
மோபெனியில் மழை.
எண்ணெய் ஆலையின் வாசம் சன்னல் கம்பிவரை.
எண் நானூற்றுப் பதினேழு.
நான் வரைந்தது.

வரையும்போதே கழற்றுவதைத்தான் நினைத்தேன்,
தைப்பதற்கு முன்பே பிரிப்பதை.
முழுக்கப் பருத்தி: துணி, நூல், காலருக்குள் வைக்கும் அட்டை,
பெயர்கூடப் பின்கழுத்தில் அச்சடித்தது.
ஜிப் கிடையாது.
பொத்தான் ஆறும் திருகிக் கழற்றுகிறவை.
ஒரு நுனியைப் பிடித்து இழுத்தால்
அரிசி மூட்டையின் வாய் பிரிவதுபோல்
தையல் சரசரவென்று ஓடி வரும்.
பிரித்த துணி பஞ்சாகும், பஞ்சு நூலாகும்,
நூல் மறுபடி யாரோ ஒருவரின் தோளாகும்.

முதலாளி பத்மநாதன் மூட்லி
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து
நொம்புலேலோவைப் பிரிக்கச் சொன்னார்.
பதினொரு நிமிடம்.
"இழுபடுகிற துணி கேட்கிறார்கள்,
இரண்டே சதவீதம் கலந்தால் என்ன?"
குடம் பாலுக்கு எத்தனை துளி வேண்டும் என்றேன்.

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பார்கள்.
கந்தையும் ஆகாமல் போன பிறகு என்ன செய்வது,
அதை யாரும் சொல்லிவைக்கவில்லை.
நான் சொல்லிவிட்டதாக
மூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோட்டோடு ஒரு சீட்டு.
பெயர்: சிஃபமண்ட்லா.
வேலை: துறைமுகம், கயிறு.
குறை: ஒரு கோடு மட்டும். அதன் கீழே பொடி எழுத்தில்,
கிழிந்தது. தைத்துக்கொண்டேன்.
முன்பணம் நூற்று இருபது ராண்ட் திருப்பித் தரவும்.

விரித்துப் போட்டேன்.
இரட்டைத் துணி வைத்த இடமெல்லாம் புதிதாகவே இருக்கிறது.
வைக்காத இடத்தில்
அவர் முதுகு, அவர் அக்குள், அவர் இழுத்த கயிறு.
தைத்திருந்தது தங்கூஸ் நரம்பால்.
கண்ணுக்குத் தெரியாது, விரல் போனால்தான் தெரியும்.
தையலுக்கு ஒரு முடிச்சு,
மீனுக்குப் போடுகிற முடிச்சு,
இழுக்க இழுக்க இறுகுவது.

நொம்புலேலோ கண்ணாடியை மாட்டினாள்.
ஐம்பது நிமிடத்தில்
ஒரு கை மட்டும் கழன்றிருந்தது.
"நல்ல கை" என்றாள்.
எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

இது பஞ்சாகாது.
நரம்பு சிக்கினால் எந்திரத்தின் பல் போகும்.
என் கணக்கேட்டில்: கழிவு, ஒன்று, எழுநூறு கிராம்.
அவர் கணக்கில் ஒரு குளிர்காலம் கூடுதல்.

நான் வரைந்த வட்டத்தில்
ஆலை இருந்தது, லாரி இருந்தது, கடை இருந்தது.
சனிக்கிழமை அந்தியில் அலைதடுப்புக் கல்லில் உட்கார்ந்து
ஷாட் மீன் கடிக்கும்வரை
கையில் இருந்ததைக் கொண்டு
கோட்டைத் தைக்கிற ஒருவர் இல்லை.

"ஒட்டுப்போடக் கூடாது என்று
கழுத்திலேயே அச்சடித்துவிடலாமா?"
மூட்லி உண்மையாகத்தான் கேட்டார்.
சிரித்தேனா, முறைத்தேனா, நினைவில்லை.

வேற்று இழை கலந்திருந்தால் முன்பணம் இல்லை.
விதியை எழுதியதும் நான்தான்.
நூற்று இருபதை உறையில் போட்டேன்,
மேலே ஒரு இருபது.
எதற்கென்று எழுத வரவில்லை.

படிவம் மேசையில் திறந்து கிடக்கிறது.
முழங்கை ஒட்டை இரண்டு விரல் கீழே இறக்கினேன்.
அக்குளில் ஒரு சதுரம், தனியே கழற்றி மாற்றும்படி.
உட்பையின் ஓரத்தில் ஒரு சின்ன உறை,
அதில் ஊசி ஒன்றும்
மெழுகு தேய்த்த பருத்தி நூல் எட்டு முழமும்.
எட்டு முழம் போதுமா?
உப்புக்காற்றில் ஊசி துருப்பிடிக்காதா?
தங்கூஸ் கையிலேயே இருக்கும்போது
இதைத் தேடி எடுப்பாரா?

நொம்புலேலோவிடம் கேட்டேன்.
"அவரிடம் கேள்" என்றாள்,
இரண்டாவது கையைத் தொடங்கியபடி.